கோழிக்கடைக்காரியின் பிரஷர்

மார்க்கெட்டின் கடைசி வரிசையில் மூன்றாவது கடை அவளுடையது. ஒரு பக்கம் கம்பிக் கூண்டுகள், நடுவில் வெட்டுக்கட்டை, பின்னால் வெந்நீர் டிரம், அதற்குப் பக்கத்தில் இறகு பிடுங்குகிற இயந்திரம். பதினைந்து வருடமாக அவள் நாளொன்றுக்கு நூறு, நூற்றைம்பது கோழி அறுத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் இரண்டு இறக்கைகளையும் பின்னால் மடக்கிப் பிடிப்பாள். கட்டைவிரலால் தலையைப் பின்னுக்குத் தள்ளி, தாடைக்குக் கீழே துடிக்கிற இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரே இழுப்பு. தகரக் கூம்புக்குள் தலைகீழாகச் செருகிவிட்டு, அது உதறி அடங்குவதற்குள் அடுத்த கோழிக்குக் கை போயிருக்கும். மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவள் கோழிக்கடையக்கா. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எடை குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவனுக்குக்கூட ஒரு துண்டு ஈரலைச் சேர்த்துப் போட்டு அனுப்பிவிடுவாள்.

அவள் புருஷன் லாரி டிரைவர். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் 'ஏர்பிரேக்'. ஆளை அடிப்பதற்கு முன்னால் மூக்கு வழியாகப் 'புஸ்' என்று ஒரு காற்று விடுவார். பெரிய வண்டி நிற்கும்போது வருகிற சத்தம் அப்படியே வரும். வண்டி அந்தச் சத்தத்தோடு நின்றுவிடும், இவர் அந்தச் சத்தத்தோடுதான் புறப்படுவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். தூரத்தில் நின்று சிரிப்பார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்கு முன் நின்ற வரிசையில் ஒரு கார்க்காரன் குறுக்கே புகுந்தான். ஏர்பிரேக் இறங்கிப் போய், ஜாக்கி கம்பியால் அவன் முகத்தில் அடித்தார். தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போனது. கம்பெனிக்காரர்கள் சமாதானம் பேசி முடித்துவிட்டு, மறுபடி வண்டிச் சாவி கொடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் அனுப்பினார்கள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கு அந்த வீட்டுக்குள் ஒரு புது ஆள் குடிவந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஆளின் பேர் ரத்தக்கொதிப்பு.

அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார்தான் முதலில் ஓடிவந்தாள். தம்பியைவிட ஆறு வயது மூத்தவள், தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவள். "பாத்தியா, நான்தான் சொன்னேனே, என் தம்பி கெட்டவன் இல்ல. உடம்புக்குள்ள ரத்தம் கொதிக்குது, அவன் என்ன பண்ணுவான்? இனிமே நீதான்மா பாத்து நடந்துக்கணும். அவனுக்குக் கோவம் வர்ற மாதிரி ஒண்ணும் செய்யக் கூடாது."

கோழிக்கடைக்காரி அதை நம்பினாள். நம்பினால் ஒரு வசதி இருந்தது. குடிகாரனையோ கொடுமைக்காரனையோ கட்டிக்கொண்டவள் என்று இருப்பதைவிட, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள் என்று இருப்பது கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

மாத்திரை, உப்புக் குறைப்பு, நடை, சிகரெட்டை விடுவது என்று டாக்டர் நாலைந்து சொல்லியனுப்பியிருந்தார். சொன்னது அவருக்கு, செய்தது இவள். இரண்டு சட்டியில் சமைக்க ஆரம்பித்தாள். அவர் சட்டியில் உப்புப் போடாமல் இறக்கிவைத்த முதல் நாள், சட்டி சுவரில் மோதிக் கீழே உருண்டது. அதோடு விழுந்த அறையில் அவள் காதில் மூன்று நாள் இரைச்சல் நிற்கவில்லை. அதற்குப் பிறகு புத்திசாலித்தனமாகச் செய்தாள். உப்பை ஒரே நாளில் நிறுத்தாமல், வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்று நாக்குக்குத் தெரியாமல் குறைத்தாள். குறைத்த இடத்தை மிளகாலும் எலுமிச்சைச் சாற்றாலும் சுட்ட பூண்டாலும் நிரப்பினாள். ஊறுகாய் ஜாடியை வீட்டைவிட்டு அனுப்பினாள். தினமும் ஒரு கீரை, ஒரு பழம். மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் தண்ணீர்ச் செம்போடு நிற்பாள். இரண்டு வருடத்தில் அவருக்குத் தொப்பை கரைந்தது, மூச்சு வாங்குவது நின்றது. அடி மட்டும் நிற்கவில்லை.

நாலாவது வருடம் மாடிப்படியில் இருந்து தள்ளியதில் அவள் தலையில் ஏழு தையல் விழுந்தது. கூண்டு சரிந்து விழுந்துவிட்டது என்று மார்க்கெட்டில் சொன்னாள். ஆறாவது வருடம் இடது காதில் ஓர் அறை. அந்தக் காது இன்றைக்கும் பாதிதான். ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நிற்பார். "நான் இல்லடி. பிரஷர்." சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருக்கும். யாரோ மூன்றாவது ஆள் செய்த தப்புக்கு இரங்குகிற வருத்தம்.

ஒரே மகள், இருபது வயது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்தாள். மூக்குச் சத்தம் கேட்டதும் கையில் இருக்கிற கண்ணாடிச் சாமானைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள, பத்து வயதிலேயே பழகியிருந்தாள்.

கோழிக்கடைக்காரி என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டுக்கொண்டதும் இல்லை. அவர் சட்டியைப் பதமாக இறக்கிவிட்டு, தனக்கும் மகளுக்கும் அவசரத்தில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு எதையோ கிண்டுவாள். மதியம் எதிர்க்கடையில் இருந்து பொரித்த கிழங்கு ஒரு பொட்டலம், கடித்துக்கொள்ள உப்பில் ஊறிய மிளகாய். நின்றபடியே தின்றுவிட்டு மறுபடி கத்தியை எடுப்பாள். பிடரியில் விண்விண் என்று தெறிக்கும். இறகு பிடுங்குகிற இயந்திரம் போடுகிற சத்தம் அப்படி என்று விட்டுவிடுவாள். ஒரு நாள் காலையில், அறுத்து முடித்த வெள்ளைக் கோழி ஒன்றின்மேல் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்துகொண்டே இருந்தது. கோழி ரத்தம் இன்னும் வடிகிறது என்று கூம்பைத் தட்டினாள். எதிர்க்கடைக்காரன்தான், "அக்கா, மூக்கு, உங்க மூக்கு" என்றான். குழாய்த் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை, சுகாதார நிலையத்துக்காரர்கள் காய்கறிக் கொட்டகைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, மார்க்கெட்காரர்களுக்கெல்லாம் இலவசமாகப் பிரஷர் பார்த்தார்கள். நர்ஸ் குள்ளமான பெண், குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு. லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு சீட்டு வேண்டியிருந்ததால் ஏர்பிரேக்கும் வந்து உட்கார்ந்தார். பொண்டாட்டி பக்கத்தில் ஏப்ரனோடு நின்றாள்.

"நூத்தி முப்பத்தாறு, எண்பத்தாறு. நல்லா வச்சிருக்கீங்க. மாத்திரையை விடாதீங்க" என்றாள் நர்ஸ்.

"எனக்கா?" அவருக்கே நம்ப முடியவில்லை. "போன வாரம்தான் ஒருத்தனை..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அக்கா, நீங்களும் உட்காருங்க."

"எனக்கு வேண்டாம் சிஸ்டர். கடையில ஆளில்ல."

"கோழி எங்கயும் ஓடாது. உட்காருங்க."

பட்டையைச் சுற்றினாள், காற்றை அடித்தாள், இறக்கினாள். முகம் மாறியது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த கையில் பார்த்தாள். பிறகு அட்டையில் எழுதினாள். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பதினாறு.

"தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா? நெஞ்சு வலி?"

"பிடரிதான் தெறிக்கும். மெஷின் சத்தம்." கோழிக்கடைக்காரி அட்டையைப் பார்த்தாள். "தப்பா எழுதிட்டீங்க சிஸ்டர். அது அவரோடதா இருக்கும். நான் கோவமே படமாட்டேன். கோவக்காரர் அவருதான்."

"கோவம் வந்தா கொஞ்ச நேரம் ஏறும், அடங்கினா இறங்கிடும். இது அது இல்லக்கா. இது சத்தம் போடாம உள்ளயே உட்கார்ந்துக்கிட்டு, மூளையில ஒரு நாள், இதயத்துல ஒரு நாள்னு வேலையைக் காட்டும்."

"ரத்தம் கொதிச்சா கை நீளும்னு..."

நர்ஸ் தலை நிமிர்ந்து ஏர்பிரேக்கை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலைக் குறைக்காமலேயே சொன்னாள்: "பிரஷர் இருக்கிறவங்க எல்லாம் கை நீட்ட ஆரம்பிச்சா இந்த மார்க்கெட்ல ஒருத்தர் வாயிலயும் பல்லு மிஞ்சாது. காலையில இருந்து அறுபது பேருக்குப் பாத்துட்டேன், இருபத்திரண்டு பேருக்கு இருக்கு. அதோ அந்த வெங்காயக்காரருக்கு நூத்தி எண்பது. மேல உட்கார்ற ஈயைக்கூட விரட்டாம உட்கார்ந்திருக்காரு பாருங்க."

வெங்காயக்காரர், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

ஏழு தையல், பாதிக் காது, சுவரில் மோதிய சட்டி எல்லாம் ஒரு வரிசையாகக் கோழிக்கடைக்காரியின் முன்னால் வந்து நின்றன. பதினோரு வருடமாக அவற்றுக்கெல்லாம் பொறுப்பாளி என்று யாரைக் கைகாட்டி வந்தாளோ, அந்த ஆள் அவரைவிடப் பெரிய உருவத்தில் அவள் உடம்புக்குள்ளேயே குடியிருந்திருக்கிறான். ஒரு தடவைகூட அவள் கையை அவன் தூக்கவில்லை.

அன்றைக்கே டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார். சிறுநீரகத்துக்கு ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். நர்ஸ் அவளை ஓரமாக உட்காரவைத்து, என்ன தின்கிறாய் என்று கேட்டாள். கேட்கக் கேட்கத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அப்ப பத்தியச் சோறு அவருக்கு, உப்புச் சோறு உங்களுக்கா? அவருக்குச் செஞ்ச அதே சமையலைத்தான் நீங்களும் சாப்பிடணும். ஒரு நாளைக்கு, பொட்டலம் ஊறுகாய்னு எல்லாத்துலயும் இருக்கிறதையும் சேர்த்து, ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல போகக் கூடாது. அந்தப் பொரிச்ச கிழங்கை இன்னையோட விட்டுடுங்க. கீரை, பயறு, வாழைப்பழம் நல்லது. ஆனா கிட்னி ரிப்போர்ட் வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன். தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க. நல்லாத் தூங்கணும்."

"பூண்டு தின்னா இறங்கும்னு சொல்றாங்களே."

"தின்னுங்க. சாப்பாடாத் தின்னுங்க. கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். மாத்திரைக்குப் பதிலா எதையும் தின்னாதீங்க. அவரோட நூத்தி முப்பத்தாறு எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? பாதி மாத்திரை. மீதி உங்க கை."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏர்பிரேக் வேறொரு முடிவுக்கு வந்தார். நூற்று முப்பத்தாறு என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தம். மாத்திரை டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டார். டயர்க் கடையில் ஒருவன் பச்சை நிறத்தில் ஏதோ பொடி விற்றான். ரத்தத்தைச் சுத்தமாக்கும், ஆயுசுக்கும் மாத்திரை தேவையில்லை என்றான். அதை வாங்கி வந்து காலையில் வெந்நீரில் கலக்கிக் குடித்தார். கோழிக்கடைக்காரி ஒரு தரம், "டாக்டரைக் கேட்டுட்டுக் குடிங்க" என்றாள். "புஸ்" என்ற சத்தம் வந்தது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனால் ஒன்று செய்தாள். அடுப்பில் இரண்டாவது சட்டியை வைப்பதை நிறுத்தினாள். மூன்று பேருக்கும் ஒரே சட்டி, ஒரே அளவு உப்பு. காலையில் கடைக்குப் போகும்போது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். அவர் ஊறுகாய் வாங்கிவந்து வைத்துக்கொண்டார். அதை அவள் தடுக்கவில்லை, தொடவும் இல்லை. அவர் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையோடும் செம்போடும் நிற்பதையும் விட்டாள். மூன்று வாரம் கழித்து அவளுக்கு நூற்று அறுபத்தாறு. பிடரித் தெறிப்பு பாதியாகக் குறைந்தது.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பொடி குடிக்க ஆரம்பித்து ஐந்தாவது வாரம். ஊறுகாய் தீர்ந்துபோயிருந்தது. அவர் ஒரு வாய் வைத்தார், துப்பினார்.

"என்னடி இது, நாய்க்கா வச்சிருக்கே?"

"நாங்களும் அதைத்தாங்க சாப்பிடறோம். பதினோரு வருஷமா நீங்க சாப்பிட்டதும் இதுதான்."

அது அவருக்குப் புதுச் செய்தி. இத்தனை வருடம் தன் நாக்கை ஏமாற்றியிருக்கிறாள் என்பது மட்டும்தான் அதில் அவர் காதில் விழுந்தது. மூக்கில் காற்று வந்தது. மகள் எழுந்தாள். அதற்குள் அவர் உப்பு ஜாடியை ஒரு கையால் எடுத்து, மறு கையால் பொண்டாட்டியின் தாடையைப் பிடித்து நெம்பினார். பல் உதட்டில் வெட்டியது. ஜாடியைக் கவிழ்த்து, கைநிறைய அள்ளி வாய்க்குள் திணித்தார். "தின்னு. உனக்குத்தான் பெரிய பிரஷர் இருக்காமே. தின்னு. ஏறட்டும்." வெட்டுப்பட்ட உதட்டில் உப்பு தீயாக எரிந்தது. மூக்கிலும் ஏறியது, மூச்சு நின்றது. தலையைப் பின்னால் இழுத்தாள், சுவர் இருந்தது. இன்னொரு பிடி திணித்தார்.

மகள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பி ஓர் உதை விட்டார். அவள் அறைப் பக்கம் போய் விழுந்து, எழுவதற்காக நிலைப்படியில் கையை ஊன்றினாள். அவர் கதவைப் பிடித்து அறைந்து சாத்தினார். கை அங்கே இருந்தது. இரண்டு விரல்கள் முறிகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. கோழிக்கடைக்காரிக்கு எலும்புச் சத்தம் தெரியும்.

அதற்கப்புறம் நடந்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. அவர் மறுபடி கதவை இழுத்த நேரம், பின்னால் வந்து இரண்டு முழங்கையையும் முதுகுப் பக்கம் சேர்த்து மடக்கி, தன் இடது கைக்குள் பூட்டினாள். நாளொன்றுக்கு நூற்றைம்பது கோழியை அடக்குகிற கை. அவர் திமிறினார், ஒரு அங்குலம் நகர முடியவில்லை. வலது கை அவர் தாடைக்குக் கீழே போனது. தலையைப் பின்னுக்குத் தள்ளியது. கட்டைவிரல் தானாகவே அந்த இடத்தைக் கண்டுபிடித்தது. அங்கே தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அழுத்தினாள். அவர் முகம் கறுத்தது, கால் தரையைத் தேய்த்தது, வாயில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த மனுஷன் அந்தப் பதினோரு வருடத்தில் சத்தமில்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. இன்னும் அழுத்தினாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்தது.

"அம்மா" என்றாள் மகள். "அம்மா, என் கை."

விட்டாள். அவர் தரையில் சரிந்து, இருமி, உப்பின்மேல் புரண்டார். அவள் வாயில் இருந்ததைத் துப்பினாள், ஒரு செம்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், மகள் கையை ஈரத் துண்டால் சுற்றினாள். மேஜையில் கிடந்த தன் பிரஷர் அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதை ஏன் எடுத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் விரல்களுக்குத் தகடு வைத்துக் கட்டினார்கள். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். நாத்தனார் இவர்களுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தம்பி கழுத்தில் விரல் தடம் விழுந்திருக்கிறது என்று எதிர்ப் புகார் கொடுக்க வந்திருந்தாள். தம்பியும் பக்கத்தில் இருந்தார், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

புகார் எழுதுகிற போலீஸ்காரர் வயதானவர், பேனாவைக் காதில் செருகியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடும்ப விஷயம்மா. உங்க வீட்டுக்காரர் பிரஷர் ஆளுன்னு அவங்க அக்கா சொல்றாங்க. உடம்பு முடியாதவர். நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சு..." என்றார்.

கோழிக்கடைக்காரி அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அவருக்கு நூத்தி முப்பத்தாறு சார். வேணும்னா சிஸ்டரைக் கேளுங்க. எனக்கு அன்னைக்கு நூத்தித் தொண்ணூறு. அவரைவிட அம்பத்தி நாலு ஜாஸ்தி. பதினோரு வருஷத்துல நான் கை வச்சது இன்னைக்கு ஒரு தடவை. என் பொண்ணு விரலை ஒடிச்சதுக்கு அப்புறம். அதையும் எழுதிக்கங்க, நான் மறைக்கல. ஆனா பிரஷர்னு மட்டும் எழுதாதீங்க."

போலீஸ்காரர் அட்டையை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது. அங்கே மாத்திரை அட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "எனக்கே நூத்தி அறுபது இருக்கும்மா" என்று முணுமுணுத்துவிட்டுக் காதில் இருந்து பேனாவை எடுத்தார். நாத்தனார் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார்.

விசாரணை, சாட்சி, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று அது அதன் போக்கில் நடந்தது. சில வாரம் உள்ளே இருந்துவிட்டு, அந்த வீட்டுப் பக்கமும் கடைப் பக்கமும் போகக் கூடாது என்ற உத்தரவோடு ஏர்பிரேக் அக்கா வீட்டுக்குப் போனார்.

உத்தரவெல்லாம் காகிதத்தில் இருந்தது. எட்டாவது நாள் காலையில் கையில் ஜாக்கி கம்பியோடு மார்க்கெட்டுக்குள் வந்தார். முதல் அடி கூண்டில் விழுந்தது. கம்பி வளைந்து கோழிகள் இறக்கை அடித்துக்கொண்டு வரிசை முழுக்கச் சிதறின. இரண்டாவது அடி தராசு. மூன்றாவது அவளைக் குறிவைத்து வந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்திருந்தாள்; கையில் கத்தி இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெட்டுக்கட்டைக்குப் பின்னால் ஒதுங்கினாள். கம்பி கட்டையின் வெடிப்பில் விழுந்து ஒரு விரல் ஆழம் இறங்கியது. அதை அவர் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது, ஈயைக்கூட விரட்டாத வெங்காயக்காரர் எழுந்து வந்து, ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கி அவர் முழங்காலில் போட்டார். ஏர்பிரேக் உட்கார்ந்துவிட்டார். மார்க்கெட்டே சுற்றி நின்றது. யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள்.

பின்னால் வெங்காயக்காரர் நர்ஸிடம் போய், "சிஸ்டர், அன்னைக்கு நான் அடிச்சது பிரஷர் ஏறினதாலயா?" என்று கவலையோடு கேட்டாராம். "இல்லண்ணே, அது நியாயம் ஏறினதால" என்றாளாம் நர்ஸ்.

இந்தத் தடவை உள்ளே இருந்தது நீண்டது. திரும்பி வந்தபோது லைசென்ஸும் இல்லை, வண்டியும் இல்லை. காலையில் ஒரு கரண்டி பச்சைப் பொடி, மற்ற நேரமெல்லாம் அக்கா கையால் வாய்க்கு ருசியாகச் சமையல், தட்டோரத்தில் ஊறுகாய். மாத்திரையை அவரும் கேட்கவில்லை, அக்காவும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிரஷர் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் மாலை டயர்க் கடையில் பொடிக்காரனோடு சண்டை வந்தது. எதற்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து ஒரு குத்து விட்டார். அவன் பல் தெறித்தது. இரண்டாவது குத்துக்குக் கை ஓங்கியபடியே நின்றார். கை இறங்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. டயர் அடுக்கின்மேல் சாய்ந்து, அடுக்கோடு சேர்ந்து விழுந்தார்.

உயிர் பிழைத்தது. ஓங்கின வலது கையும் காலும் பாதி போனது. பேச்சு குழறியது.

இரண்டு மாதம் கழித்து நாத்தனார் கோழிக்கடை முன்னால் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே ஒரு நீலத் தடிப்பு இருந்தது. கோழிக்கடைக்காரி அதைப் பார்த்தாள், கேட்கவில்லை. பாதிக் கை போனாலும் மீதிக் கை இருக்கிறதே.

"வாங்க அண்ணி. உட்காருங்க."

"அவனை வந்து கூட்டிட்டுப் போயிடும்மா. என்னால முடியல."

"அது முடியாதுங்க அண்ணி."

"உப்பில்லாம எப்படிச் சமைக்கிறதுன்னே எனக்குத் தெரியல. தட்டைத் தூக்கி என் மூஞ்சியிலயே அடிக்கிறான். நீ எப்படித்தான் இத்தனை வருஷம்..." நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கோழிக்கடைக்காரிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அதைச் சிரிக்க விடாமல் விழுங்கினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ஒரேயடியாக நிறுத்தாதீங்க, வாரத்துக்கு ஒரு சிட்டிகை. இறக்கும்போது எலுமிச்சை பிழியுங்க. பூண்டைச் சுட்டு நசுக்கிப் போடுங்க. மாத்திரையை வாயில போட்டாரா, முழுங்கினாரான்னு பாருங்க. அப்புறம் ஒன்று சேர்த்துக்கொண்டாள். "கை நீட்டினா அதைப் பிரஷர்னு விட்டுடாதீங்க அண்ணி. உடனே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுங்க. அந்தப் பெரியவர் வருவாரு. நல்லவரு." பிறகு அவளை எழுப்பிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், நர்ஸ் முன்னால் கையை நீட்டவைத்தாள். நூற்று ஐம்பத்தெட்டு. "குடும்பத்தோட வர்றீங்களே" என்றாள் நர்ஸ்.

மகளின் ஒரு விரல் நேராகச் சேர்ந்தது, இன்னொன்று கொஞ்சம் வளைந்தே சேர்ந்தது. ஐந்து மாதம் பயிற்சி செய்து லென்ஸ் தேய்க்கும் வேலைக்குத் திரும்பினாள். காலையில் அம்மாவும் மகளுமாகக் கால்வாய்க் கரையோரம் நடக்கப் போவார்கள். கோழிக்கடைக்காரிக்கு வருட முடிவில் நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நாலு. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். இன்னொன்றைத் தொடரச் சொன்னார்.

மாதா மாதம் முதல் செவ்வாய் மாத்திரை கொடுக்கிற நாள். தற்செயலாக ஒரு தடவை அவளும் புருஷனும் ஒரே வரிசையில் வந்துவிட்டார்கள். அவர் சக்கர நாற்காலியில், அக்கா மருந்துச் சீட்டு வாங்கப் போயிருந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடியே கோணின வாயால், "உனக்கு எவ்வளவு?" என்றார்.

"நூத்தி முப்பது."

"எனக்கு நூத்தி நாப்பத்தெட்டு." பந்தயத்தில் தோற்றவர் மாதிரி சொன்னார்.

பின்னால் நின்ற ஒருவர் நகர்ந்ததில் நாற்காலிச் சக்கரம் லேசாக இடிபட்டது. ஏர்பிரேக் நல்ல கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றித் திரும்பினார். மூக்கில் காற்று வந்தது. இடித்தவர் பதினாறு வயதுப் பெண் மாதிரி ஒல்லியான ஒரு மனிதர், மிரண்டுபோய்ப் பின்வாங்கினார்.

கோழிக்கடைக்காரி எழுந்து அந்த மனிதருக்கும் நாற்காலிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். "நீங்க முன்னால போங்க அண்ணே" என்றாள் அவரிடம். புருஷனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து நர்ஸ் அவள் எண்ணைக் கூப்பிடுகிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை.